தவறு செய்யும் கதைத்தலைவி

நுழையும்முன்

கதை படிக்கிற ஒவ்வொருவரும் ஒருவகையில் நீதிபதியே. இவள் செய்தது சரி, அவள் செய்தது தவறு என்று மனம் தீர்ப்பு எழுதிக்கொண்டே செல்கிறது. கதைத்தலைவியின் தவறுகளை நாமும் அவளோடு சேர்ந்தே செய்திருக்கிறோம் என்பது பாதி வழியில் தெரியவந்தால் அந்தத் தீர்ப்பு என்னவாகும்? ஐரோப்பியப் புதினங்கள் இரண்டினையும் தமிழ்ச் சிறுகதை ஒன்றினையும் முன்வைத்து இப்பாடம் அதனை ஆராய்கிறது.

தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முனிசீப்பாகப் பணியாற்றியவர். மனிதரின் குறைகளையும் பொய்களையும் வழக்குமன்றத்தில் நாள்தோறும் கண்டவர். ஆயினும், தம் புதினத்தின் முதன்மை மாந்தரைக் குற்றமற்ற நற்பண்பினராகவே படைத்திருப்பதாக அவர் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் துணைக்கொள்ளும் பெயர் சற்று வியப்பளிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த ஆங்கில அறநெறி எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் கருத்தைப் பின்பற்றியே அவ்வாறு செய்ததாக அவர் கூறுகிறார்.

அப்புதினத்தின் தலைவி ஞானாம்பாள் கல்வியறிவும் மதிநுட்பமும் வாய்ந்தவள். ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியின் ஆட்சிப்பொறுப்பை ஏற்கும்போதும் அவள் நெறி பிறழ்வதில்லை. தலைவன் பிரதாபனோ செல்வ வீட்டுப் பிள்ளைக்குரிய விளையாட்டுத்தனங்களுடன் நம்முன் வருகிறான். அவனுடைய அசட்டுத்தனங்களைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே அவனை விரும்பவும் செய்கிறோம். ஞானாம்பாளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு ஒரு வாய்ப்பும் கிடைப்பதில்லை. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், பெண்கல்விக்காக வாதாடிய ஓர் ஆசிரியர், கற்ற பெண் எத்துணை உயர்ந்தவளாக இருப்பாள் என்று காட்ட விரும்பியது இயல்பே. எனவே அவரைக் குறைகூற இயலாது. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆண் தவறு செய்தால் அது கதைக்குச் சுவை; பெண் தவறு செய்தால் அது படிப்பவருக்குக் கேடு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஜான்சனின் அச்சம்

1750ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள், தாம் நடத்திய 'ராம்ப்ளர்' இதழில் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். அரக்கரும் மந்திரவாதிகளும் உலவிய பழைய கதைகள் மறைந்து, அண்டைவீட்டாரைப் போன்ற மனிதர் நடமாடும் புதினங்கள் பெருகிவந்த காலம் அது. பழைய கதையின் வீரனைப் பார்த்து எவரும் தம்மை அவனோடு ஒப்பிட்டுக்கொள்வதில்லை. புதினத்தின் நாயகனோ நம்மைப் போன்றவன். ஆகவே படிப்பவர் அவனைப் பின்பற்ற முற்படுவர். அதிலும் புதினங்களைப் பெரிதும் படிப்போர் இளையோரும் உலக அனுபவம் குறைந்தோருமே என்று ஜான்சன் கருதினார். நற்பண்பும் தீப்பண்பும் கலந்த ஒரு மாந்தரைக் கவர்ச்சியாகப் படைத்தால், அவர்மீது கொள்ளும் அன்பினால் அவருடைய குற்றத்தையும் வெறுக்க மறந்துவிடுவோம் என்பது அவருடைய அச்சம்.

இந்த அச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திரைப்படம் பார்த்துச் சிறுவர் கெட்டுப்போகிறார்கள் என்று இன்று பெரியவர்கள் கவலைப்படும்போது, பெயர் அறியாமலேயே ஜான்சனைத்தான் வழிமொழிகிறார்கள். மேலும் அவர் கேட்டது தெய்வத்தன்மை வாய்ந்த மாந்தரை அன்று. மனிதரால் எட்டக்கூடிய உயர்ந்த நற்பண்பையே காட்டுமாறு கேட்டார். அவர் குறிப்பிடும் இளம் வாசகர் இப்பாடத்தைப் படிக்கும் உங்கள் வயதினர்தாம் என்பதனையும் நினைவிற் கொள்ளுங்கள். உங்களைக் காப்பதற்காகவே குறையற்ற தலைவியர் படைக்கப்பட்டனர்.

ஜான்சனின் எழுத்துகளை மிகவும் விரும்பிப் படித்தவர்களுள் ஒருவர் ஜேன் ஆஸ்டின். அவருக்கு உவப்பான அறநெறி எழுத்தாளர் உரைநடையில் ஜான்சனே என்று அவருடைய தமையன் ஹென்றி எழுதியுள்ளார். அந்த ஆஸ்டின்தான் ஜான்சனின் அறிவுரைக்கு நேர்மாறான ஒரு தலைவியைப் படைத்தார். தம்மைத் தவிர வேறெவரும் அதிகம் விரும்பாத ஒரு தலைவியைத் தாம் எழுதப்போவதாக அவர் கூறியதைப் பிற்காலத்தில் அவருடைய அண்ணன் மகன் பதிவுசெய்தார். அத்தலைவியின் பெயரே புதினத்தின் பெயருமாயிற்று. 'எம்மா' 1815ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

எம்மாவின் கண்கள்

எம்மா உட்ஹவுஸ் இருபத்தோரு வயதை எட்டவிருக்கும் பெண். அழகும் அறிவும் செல்வமும் உடையவள். தாய் இல்லை, தந்தையோ தம் உடல்நலத்தைப் பற்றியும் பிறர் உடல்நலத்தைப் பற்றியும் ஓயாது கவலைப்படும் முதியவர். ஹைபரி என்னும் சிற்றூரில் அவளுக்கு மேலானவர் எவருமில்லை. அவளைத் திருத்துவோரும் ஏறத்தாழ இல்லை. தன்னை வளர்த்த ஆசிரியைக்குத் திருமணம் கூடியது தன் முயற்சியால்தான் என்று அவள் நம்புகிறாள். உண்மையில் அவள் செய்தது அவ்வாறு நிகழும் என ஊகித்தது மட்டுமே. ஒருமுறை பலித்த ஊகம் அவளை இன்னும் பலருக்குத் திருமணம் முடித்துவைக்கத் தூண்டுகிறது.

அவள் கையில் கிடைப்பவள் ஹேரியட் ஸ்மித். பதினேழு வயது, பெற்றோர் யாரென்று தெரியாது, உள்ளூர்ப் பள்ளி விடுதியில் தங்கியிருப்பவள். ராபர்ட் மார்ட்டின் என்னும் இளம் உழவர் அவளை நேசித்து மடல் வரைகிறார். அம்மடல் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எம்மாவும் அதனை உணர்கிறாள். ஆயினும் உழவரை மணந்தால் ஹேரியட் தன் தோழமைக்குத் தகுதியற்றவள் ஆகிவிடுவாள் என்று எண்ணி, நேரே மறுக்கச் சொல்லாமல், மறுக்கும்படி அவளைத் திருப்பிவிடுகிறாள். ஊர்த் தேவாலயத்தின் குருவான எல்ட்டனை ஹேரியட்டுக்கு மணமுடிக்க வேண்டும் என்பது அவளது திட்டம்.

இங்குதான் ஆஸ்டினின் திறம் வெளிப்படுகிறது. எல்ட்டன் அடிக்கடி எம்மாவின் இல்லத்துக்கு வருகிறார். எம்மா ஹேரியட்டை ஓவியமாக வரையும்போது அருகிலிருந்து பாராட்டுகிறார். அந்த ஓவியத்துக்குச் சட்டமிடத் தாமே இலண்டனுக்கு எடுத்துச் செல்கிறார். காதல் குறித்த ஒரு விடுகதைப் பாடலை எழுதித் தருகிறார். இவையெல்லாம் ஹேரியட்மீது கொண்ட காதலின் அறிகுறிகள் என்று எம்மா கொள்கிறாள்; முதன்முறை படிக்கும் நாமும் பெரும்பாலும் அவ்வாறே கொள்கிறோம். கிறித்துமசுக்கு முந்திய நாள் இரவு, விருந்து முடிந்து பனியில் திரும்பும் வண்டியில், எல்ட்டன் தம் காதலைத் தெரிவிக்கிறார், ஹேரியட்டிடம் அன்று, எம்மாவிடம்! ஹேரியட்டைத் தாம் ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்றும் கூறிவிடுகிறார்.

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினால் அனைத்தும் அங்கேயே இருக்கின்றன. ஓவியத்தைப் பாராட்டியபோது எல்ட்டன் புகழ்ந்தது வரையப்பட்ட முகத்தையன்று, வரைந்த கையை. விடுகதைப் பாடலில் அவர் போற்றியது ஒரு பெண்ணின் கூரிய அறிவை. ஹேரியட்டுக்கு அப்படியோர் அறிவு ஏது என்று எம்மாவுக்கே ஒரு கணம் தோன்றுகிறது; காதல் முற்றியவனுக்குத்தான் இல்லாத அறிவும் தெரியும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொள்கிறாள். ஹேரியட் நோயுற்றுப் படுத்திருக்க, எல்ட்டன் மகிழ்ச்சியுடன் விருந்துக்குக் கிளம்புகிறார். எம்மாவின் அக்காள் கணவர் வெளிப்படையாகவே எச்சரிக்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். சான்றுகள் குறைவாக இருந்ததால் அவள் தவறவில்லை. முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, சான்றுகளை அதற்கேற்ப வளைத்ததால் தவறினாள். நாமும் அதே சான்றுகளைப் படித்தோம். நம் கண்களும் அவற்றைத் தாண்டிச் சென்றன.

'என்று' இல்லாத எண்ணம்

வாசகரை இவ்வாறு கதைத்தலைவியின் மனத்துக்குள் இருத்துவதற்கு ஆஸ்டின் கையாண்ட உத்தியைச் சற்று விளக்குதல் வேண்டும். தமிழில் ஒருவரது எண்ணத்தைக் கூறும்போது 'என்று' என்னும் சொல்லை இடுகிறோம். 'அவள் சோம்பேறி என்று மாலதி நினைத்தாள்' எனும்போது, நினைப்பு மாலதியுடையது. கதைசொல்பவர் அதற்குப் பொறுப்பல்லர். பின்வரும் தொடர்களைப் பாருங்கள்: 'மாலதி தோழியின் குறிப்பேட்டைப் புரட்டினாள். எவ்வளவு அலட்சியம்! படிப்பில் அக்கறையுள்ளவள் இப்படியா எழுதுவாள்?' அலட்சியம் என்று சொல்வது யார்? கதைசொல்பவரா, மாலதியா? 'என்று' மறைந்துவிட்டது, அதனுடன் எல்லைக்கோடும் மறைந்துவிட்டது. ஆசிரியரின் கூற்றுக்கு நாம் தரும் நம்பிக்கையை மாலதியின் ஊகத்துக்கும் தந்துவிடுகிறோம். அத்தோழிக்கு அன்று கையில் காயம் என்று பத்துப் பக்கம் கழித்து அறியும்போது, தவறிழைத்தவள் மாலதி மட்டும் அல்லள் என்பது நமக்கு உறைக்கிறது.

'எம்மா' புதினத்தின் பெரும்பகுதி இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. எல்ட்டன் நிகழ்ச்சியில் ஏமாந்த வாசகர், இனி எச்சரிக்கையாக இருப்போம் என்று உறுதிகொள்வார். ஆஸ்டின் அவரை மீண்டும் ஏமாற்றுகிறார். பிராங்க் சர்ச்சில் என்னும் இளைஞர் ஊருக்கு வருகிறார். எம்மாவுடன் கலகலப்பாகப் பழகுகிறார். முடி திருத்திக்கொள்வதற்காக இலண்டன் வரை சென்று திரும்புகிறார். என்ன அற்பத்தனம் என்று ஊர் பேசுகிறது. சில நாள்களில் ஜேன் ஃபேர்ஃபேக்ஸ் என்னும் ஏழைப் பெண்ணின் வீட்டுக்கு யாரோ அனுப்பிய பியானோ ஒன்று வந்து சேர்கிறது. அனுப்பியவர் ஜேனுடைய தோழியின் கணவர் என்று எம்மா கற்பனை செய்கிறாள். அந்தக் கற்பனையை அவள் பிராங்கிடமே பகிர்ந்துகொள்கிறாள். பிராங்கும் ஜேனும் முன்பே இரகசியமாக மணஉறுதி செய்துகொண்டவர்கள். பியானோவை வாங்கியனுப்பியவரும் அவரே!

இந்த ஜேன் ஃபேர்ஃபேக்ஸ் கூர்ந்து நோக்கத்தக்கவள். பெற்றோரை இழந்தவள், அழகும் இசைத்திறனும் அடக்கமும் உடையவள், வறுமையால் செல்வர் வீட்டில் ஆசிரியையாகப் பணிபுரிய நேரும் என்று அஞ்சுபவள். ஜான்சன் கேட்டிருந்தால் இவளைத்தான் தலைவியாக்கச் சொல்லியிருப்பார். ஆஸ்டின் அவளைக் கதையின் ஓரத்தில் வைத்துவிட்டார். எம்மாவுக்கு அவளைப் பிடிப்பதில்லை. அவள் தன்னைவிடச் சிறந்தவள் என்பதே அதற்குக் காரணம். நம்மிடமும் அப்படியொரு வெறுப்பு எவர்மீதேனும் இருந்திருக்கலாம்.

குன்றின்மேல் ஒரு பகல்

எம்மாவின் இதுவரையான தவறுகளைக் கண்டு நகைக்கலாம். சர்ரே மாவட்டத்திலுள்ள பாக்ஸ் குன்றில் நிகழும் தவறைக் கண்டு நகைக்க முடியாது. நண்பர்கள் கூடி உலாச் சென்ற வெயில் நாள் அது. எவருக்கும் உற்சாகம் இல்லை. பிராங்க் ஒரு விளையாட்டைத் தொடங்குகிறார்: ஒவ்வொருவரும் மிகச் சிறந்த ஒன்றைச் சொல்லலாம், அல்லது ஓரளவு நல்லதாக இரண்டு, அல்லது சுவையே இல்லாத மூன்று. ஜேனின் பெரியம்மாவான பேட்ஸ் அம்மையார் அங்கே இருக்கிறார். திருமணமாகாதவர், நல்ல நிலையில் பிறந்து வறுமையில் வீழ்ந்தவர், வாய் ஓயாமல் பேசுபவர், எவருக்கும் தீங்கு நினையாதவர். வாயைத் திறந்தால் சுவையற்ற மூன்று தமக்கு உடனே வந்துவிடும் என்று அவர் தம்மைத்தாமே எள்ளிக்கொள்கிறார். ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் அவருக்குக் கடினமாக இருக்கும் என்று எம்மா கூறிவிடுகிறாள்.

அந்த அம்மையாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் சினம் கொள்ளவும் இல்லை. முகம் இலேசாகச் சிவக்கிறது. தாம் அத்துணைச் சலிப்பூட்டுபவராக இருக்க வேண்டும். இல்லையேல் நெடுநாள் பழகிய எம்மா இவ்வாறு சொல்லியிருக்க மாட்டாள் என்று அருகிலிருந்த நைட்லியிடம் மெல்லக் கூறுகிறார். விளையாட்டு தொடர்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேட்ஸ் அம்மையாரின் நீண்ட பேச்சுகளைப் புதினத்தில் படிக்கும்போது நமக்கும் சலிப்பு ஏற்படுகிறது. எப்போது முடிப்பார் என்று பக்கங்களைத் தாண்டவும் தோன்றுகிறது. ஆகவே எம்மா அச்சொல்லைச் சொன்னவுடன் நம் உதட்டிலும் ஒரு புன்னகை எழக்கூடும். அடுத்த பக்கத்தில் நைட்லி எம்மாவைக் கண்டிக்கும்போது அந்தப் புன்னகையும் சேர்த்தே கண்டிக்கப்படுகிறது. அவர் சொல்வதன் சாரம் இது: பேட்ஸ் அம்மையார் உனக்கு நிகரான செல்வராக இருந்திருந்தால் இதனை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். அவர் ஏழை, இன்னும் வறியவராகப் போகிறவர். நீ குழந்தையாக இருந்தபோது உன்னிடம் அன்பு காட்டியவர். உன் சொல்லைக் கேட்பவர்கள் உன்னைப் பார்த்துத் தாங்களும் அவரை அவ்வாறே நடத்துவார்கள்.

கேலி கூடாது என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. வலியவர் மெலியவரைக் கேலி செய்யும்போது அதன் எடை வேறு என்கிறார். எம்மாவின் குறை இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. ஹேரியட்டின் திருமண வாய்ப்பைக் கெடுத்ததும் இதே குறைதான். தவறிழைத்தபின் எம்மாவுக்கு மாளிகை இருக்கிறது; பெற்றோர் பெயரும் அறியாத ஹேரியட்டுக்கு, கைவிட்டுப்போன ஒரு நல்ல மணவாழ்வை ஈடுசெய்ய எதுவும் இல்லை. பிழையைச் செய்பவர் ஒருவராகவும் விலையைக் கொடுப்பவர் மற்றொருவராகவும் இருப்பதே அங்கே அநீதி. வீட்டுக்குத் திரும்பும் வண்டியில், வழிநெடுக எம்மா அழுகிறாள்.

புதினம் வெளிவந்தபின் தம் உறவினரும் நண்பரும் கூறிய கருத்துகளை ஆஸ்டின் தொகுத்து எழுதிவைத்தார். அவருக்கு மிகவும் நெருக்கமான அண்ணன் மகள் ஃபேனி நைட்டுக்கே எம்மாவைப் பொறுக்க முடியவில்லையாம். தம்மைத் தவிர வேறெவரும் விரும்பார் என்ற ஆசிரியரின் ஊகம் அவர் குடும்பத்திலேயே பலித்தது!

மற்றோர் எம்மா

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், பிரான்சு நாட்டில் இன்னோர் எம்மா பிறந்தாள். குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய 'மேடம் பொவாரி' 1856இல் இதழொன்றில் தொடராக வந்தது. உழவர் மகளான எம்மா, கன்னியர் மடத்தில் கல்வி பயில்கிறாள். அங்கே திருட்டுத்தனமாகக் காதற்கதைகளைப் படிக்கிறாள். சார்ல் பொவாரி என்னும் சிற்றூர் மருத்துவரை மணந்தபின், வாழ்க்கை அக்கதைகளைப் போல இல்லையே என்று புழுங்குகிறாள். கணவரின் அன்பு அவளுக்குப் போதவில்லை, காதலர்களைத் தேடுகிறாள், ஆடம்பரப் பொருள்களைக் கடனுக்கு வாங்கி, வட்டிக்குமேல் வட்டி ஏறி, இறுதியில் நஞ்சுண்டு மடிகிறாள். ஆஸ்டினின் எம்மாவை நகைச்சுவை காத்தது. இவளைக் காக்க எதுவும் இல்லை.

1857 சனவரியில் ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் ஊறு விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார் முன்வைத்த வாதங்களுள் ஒன்று மிக நுட்பமானது: இந்நூலுள் அப்பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுடைய ஒருவர்கூட இல்லை என்றார் அவர். ஆஸ்டினின் கதையில் நைட்லி இருந்தார். இங்கே கணவர் அப்பாவி, குரு அறிவிலி, மருந்துக்கடைக்காரர் வாய்வீச்சாளர், கடன் கொடுத்தவர் கொடியவர். கதைசொல்பவரும் 'என்று' இடாமல் அவளது மனத்தை அப்படியே தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தீர்ப்பைச் சொல்ல வாசகரைத் தவிர வேறெவரும் இல்லை. பினாரை அச்சுறுத்தியது அதுவே. எதிர்வழக்காடிய செனார், இத்தகைய வாழ்வின் கொடிய முடிவைக் காட்டுவதால் இந்நூல் ஒழுக்கத்தையே கற்பிக்கிறது என்று வாதிட்டார். பிப்ரவரி 7ஆம் நாள் ஃப்ளோபேர் விடுவிக்கப்பட்டார். எனினும் நூலை முழுமையாகப் புரிந்துகொண்டு அஞ்சியவர் வென்ற செனார் அல்லர், தோற்ற பினாரே என்று தோன்றுகிறது.

இவ்விடத்தில் ஜான்சனை நினைத்துப் பார்க்கலாம். புதினம் படித்து அதனைப் பின்பற்றிக் கெட்டவள் எம்மா பொவாரி; அவர் அஞ்சிய வாசகி அவளேதான். ஆனால் அவள் படித்தவை எவை? குறையற்றவர்களின் கதைகள். அவற்றில் ஆடவர் அனைவரும் வீரத்திலும் மென்மையிலும் ஒப்பற்றவர். நற்பண்பில் உலகில் எவரும் அவர்களுக்கு இணையில்லை. அந்த அளவுகோலைக் கொண்டு அவள் கணவரை அளந்தாள், தன்னையும் அளந்தாள். குறையுள்ள கதைத்தலைவியைப் பற்றி அவள் படிக்கவே இல்லை.

தமிழ் வாசகரின் தீர்ப்பு

வேதநாயகம் பிள்ளையின் முன்னுரை வெளிவந்து எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1966இல், ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதை 'ஆனந்த விகடன்' இதழில் வெளியாயிற்று. மழை பெய்யும் மாலைப்பொழுதில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒரு மாணவி, அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள், அவனால் கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து தாயிடம் கூறுகிறாள். முதலில் பதறி அடித்த தாய், பின்னர் மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையானவள் என்று தேற்றி, இதனை எவரிடமும் சொல்லாதே என்கிறாள். அம்மாணவியிடம் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், உலகறியாமையைத்தான் சொல்ல இயலும். குற்றம் முழுவதும் அவனுடையது.

கதை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஒரு தாய் இவ்வாறு மன்னிக்கலாமா என்பதே வாதத்தின் மையமாக இருந்தது. மன்னிப்பு என்னும் சொல்லைப் பயன்படுத்தியபோதே, குற்றம் செய்தவள் மகள் என்று வாசகர் தீர்மானித்துவிட்டனர் என்பதைக் கவனியுங்கள். காரில் வந்தவனை மன்னிக்கலாமா என்பது அந்த அளவுக்கு வாதப்பொருளாகவில்லை. குறையற்றவளாகவே பெண்ணைக் கதையில் காணப் பழகிய கண்கள், பாதிக்கப்பட்டவளிடமே பிழையைத் தேடின.

ஜெயகாந்தன் அவ்வாசகர்களுக்குக் கட்டுரையால் விடையளித்து அமைதியடையவில்லை. அந்தத் தாய் மன்னிக்காமல் கூவியழுது ஊரைக் கூட்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று ஒரு புதினமே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1970இல் நூலாக வெளிவந்து, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதன் தலைவி கங்கா வீட்டைவிட்டு விரட்டப்பட்டவள். படித்துப் பணியில் உயர்ந்தவள். மனத்தளவில் அந்த மழை மாலையிலேயே நின்றுவிட்டவள். 'அக்கினிப் பிரவேசம்' கதையை எழுதியவராக ஓர் எழுத்தாளர் அப்புதினத்துக்குள்ளேயே வருகிறார். கங்கா அக்கதையைப் படிக்கிறாள். தன் தாயும் அப்படிச் செய்திருந்தால் தன் வாழ்வு எவ்வாறு இருந்திருக்கும் என்று அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. வாசகர்கள் மறுத்த முடிவு, அந்த முடிவு கிடைக்காத ஒருத்தியின் கையில் கிடைக்கிறது.

கங்கா குறையற்றவள் அல்லள். மனிதரை எளிதில் நம்ப மாட்டாள். தன்மேல் ஊரார் சுமத்திய பெயரையே தனக்குக் கவசமாக்கிக்கொள்வாள். தன்னைக் கெடுத்தவனையே தேடிச்சென்று பழகுவாள். படிக்கும் நமக்கு அவள்மீது சில இடங்களில் எரிச்சலும் வருகிறது. அந்த எரிச்சலை ஆசிரியர் விலக்கவில்லை. அவளைக் குறையற்றவளாக்கியிருந்தால் 1966இன் வாசகர்கள் எளிதாக இரங்கியிருப்பார்கள். எரிச்சலூட்டும் ஒருத்திக்கும் நீதி உண்டா என்பதையே ஜெயகாந்தன் அவர்களிடம் கேட்டார்.

பாக்ஸ் குன்றுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். அழுதபடி வீடு திரும்பிய எம்மா முழுவதும் திருந்திவிட்டாள் என்று ஆஸ்டின் எழுதவில்லை. நைட்லியைத் தான் நேசிப்பதை அவள் உணர்வதுகூட, ஹேரியட்டும் அவரை விரும்புகிறாள் என்று கேட்ட அதிர்ச்சியில்தான். தோழிக்காக வருந்துவதற்குமுன் அவள் தனக்காக அஞ்சுகிறாள். ஹேரியட் ராபர்ட் மார்ட்டினையே மணக்கிறாள். அது அவளது நற்பேறு, எம்மாவின் தகுதியன்று. அதன்பின் தோழியர் இருவரின் நட்பும் மெல்லத் தளர்கிறது. ஏற்றத்தாழ்வு அவள் மனத்திலிருந்து அகலவில்லை.

ஆயினும் உலாவுக்கு மறுநாள் காலை, எவரும் சொல்லாமலே அவள் பேட்ஸ் அம்மையாரின் சிறு வீட்டுக்குச் செல்கிறாள். அவள் வருவது கேட்டு உள்ளே பரபரப்பு. ஜேன் அவளைக் காண விரும்பாமல் அறைக்குள் சென்றுவிடுகிறாள். பேட்ஸ் அம்மையாரிடம் வழக்கமான கலகலப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. எம்மா மன்னிப்பு என்னும் சொல்லை எடுப்பதில்லை. ஜேனைப் பற்றி அன்புடன் வினவுகிறாள். அம்மையார் மீண்டும் பேசத் தொடங்குகிறார், பேச்சு நீள்கிறது, எம்மாவைப் போல் அன்புடையவர் வேறு யார் என்று நன்றியோடு சொல்கிறார். அந்தப் புகழ்ச்சி எம்மாவைச் சுடுகிறது. அவள் எழுந்து போய்விடாமல், இறுதிவரை அமர்ந்து கேட்கிறாள்.